நகர்மன்றக் கூட்ட நேரலைக் கருவிகளைப் புதுப்பிப்பது எப்படி?

நகராட்சி அலுவலகங்களில் மன்றக் கூட்ட நேரலையை மேம்படுத்த வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் விலை விசாரிக்கப்படுவது கேமராவுக்குத்தான். கேமரா கண்ணுக்குத் தெரியும் பொருள். வாங்கி மாட்டினால் வாங்கியது எல்லோருக்கும் தெரியும். ஒலிக்குச் செலவழித்த பணம் அப்படித் தெரிவதில்லை. ஆனால் நகராட்சி, பேரூராட்சிக் கூட்டங்களின் பழைய பதிவுகளைப் பொறுமையாக உட்கார்ந்து கேட்டவர் எவரும், மக்கள் அவற்றைப் பாதியில் மூடிவிட்டுப் போவதற்கு மங்கலான படத்தைக் காரணமாகச் சொல்லமாட்டார். பேச்சு காதில் விழவில்லை என்பதே காரணம். ஆகவே கையில் இருக்கும் தொகையில் பாதிக்குக் குறையாமல் ஒலிக்கு ஒதுக்குங்கள் என்பதே இந்த வழிகாட்டியின் முதல் அறிவுரை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நகராட்சியின் பதிவை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்க நேர்ந்தது. ஒரு வார்டு உறுப்பினர் எழுந்து தம் பகுதியின் குடிநீர்க் குழாய்ப் பணி பற்றிக் கேட்கிறார். மன்றத்தில் இருந்த ஒரே கையடக்க மைக் வரிசை வரிசையாகக் கைமாறி அவரிடம் வந்து சேர்வதற்குள் கேள்வியில் பாதி முடிந்துவிட்டது. ஆணையாளர் இருக்கையில் அமர்ந்தபடியே, மைக் இல்லாமல் பதில் சொன்னார். பதிவில் எஞ்சியது மின்விசிறியின் இரைச்சலும், "அடுத்த மாதத்துக்குள் முடித்துவிடலாம்" என்ற கடைசிச் சொற்களும் மட்டுமே. எந்தத் தெருவில், எந்தப் பணியை முடிப்பார்கள் என்பது அந்தப் பதிவில் இல்லை. படம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆம் பிரிவு, ஒவ்வொரு பொது அமைப்பும் தன் மன்றங்கள், குழுக்கள் ஆகியவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, அவற்றின் நடவடிக்கைக் குறிப்புகளைப் பொதுமக்கள் பார்க்க முடியுமா என்பதைத் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. கூட்டத்தை இணையத்தில் காட்டுவது அந்த நோக்கத்தை ஒரு படி மேலே கொண்டு செல்லும் வேலை. கூலி வேலையை விட்டுவிட்டுப் பார்வையாளர் இருக்கையில் வந்து உட்கார முடியாதவர், இரவு வீட்டில் தம் வார்டின் பெயர் வரும் இடத்தைக் கைபேசியில் தேடிக் கேட்கிறார். அவர் கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியிலும் ஒவ்வொரு சொல்லும் புரிய வேண்டும் என்பதையே அளவுகோலாக வைத்துக்கொண்டால், பின்வரும் முடிவுகளில் பெரும்பாலானவை எளிதாகிவிடும்.

மதிப்பீடு தயாரிக்கும் முன்

பொறியாளர் மதிப்பீடு எழுத உட்காருவதற்கு முன், கடைசி மூன்று கூட்டங்களின் பதிவுகளை ஒருவர் முழுவதுமாகக் கேட்டு, எந்த நிமிடத்தில் எதனால் பேச்சு புரியாமல் போனது என்று ஒரு தாளில் குறிக்க வேண்டும். மைக் இல்லை, மைக் தொலைவில் இருந்தது, ஒலிபெருக்கியின் ஓசை மைக்குக்குள் திரும்பி ஊளையிட்டது, பலர் ஒரே நேரத்தில் பேசினர், மின்விசிறி இரைந்தது, இணையம் அறுந்தது என்று காரணங்கள் ஐந்தாறுக்குள் அடங்கிவிடும். எது அதிகமாக வருகிறதோ அதற்கே முதல் செலவு. விற்பனையாளரிடம் பேசப் போகும்போது இந்தத் தாள் கையில் இருந்தால், அவர் விற்க விரும்புவதைவிட உங்களுக்குத் தேவையானதைப் பற்றிப் பேச்சு நடக்கும்.

அடுத்து, கூட்டம் இல்லாத ஒரு நாளில் மன்றக் கூடத்துக்குச் சென்று, நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். ஓசை உடனே அடங்கினால் நல்லது. ஒரு நொடிக்கும் மேல் இழுத்துக்கொண்டே போனால், எவ்வளவு விலையுயர்ந்த மைக் வாங்கினாலும் பேச்சு கலங்கியே பதிவாகும். பேச்சு நடக்கும் கூடத்தில் இந்த எதிரொலி நேரம் 0.6 முதல் 0.8 நொடிக்குள் இருப்பது நல்லது. நம் மன்றக் கூடங்கள் பலவற்றில் தரையில் வழவழப்பான டைல்ஸ், சுவரில் சிமென்ட் பூச்சு, மேலே கான்கிரீட் கூரை, பக்கத்தில் கண்ணாடி சன்னல் என்று ஒலியைத் திருப்பி அடிக்கும் பரப்புகளே சூழ்ந்திருக்கின்றன. தலைவரின் மேடைக்கு எதிரே இருக்கும் பின்சுவரை முதலில் கவனியுங்கள். அந்தச் சுவரில் ஒலி உறிஞ்சும் பலகைகளைப் பொருத்துவதும், சன்னல்களில் கனமான துணியை மடிப்பு மடிப்பாகத் திரையிடுவதும், கூரைக்குக் கனிம இழைத் தகடுகளால் உள்கூரை அமைப்பதும் பலன் தரும். தெர்மோகோல் ஒட்டுவதும் முட்டை அட்டை ஒட்டுவதும் பேச்சொலிக்குப் பெரிதாக உதவுவதில்லை என்பதோடு, தீப்பிடிக்கும் ஆபத்தையும் கூடத்துக்குள் கொண்டுவந்துவிடும். யார் சொன்னாலும் அவற்றைச் செய்யாதீர்கள்.

கைதட்டிப் பார்த்த அதே நாளில் மின்விசிறிகளையும் குளிர்சாதனங்களையும் ஒவ்வொன்றாக அணைத்து, எது அதிகம் இரைகிறது என்று கேளுங்கள். தேய்ந்த பேரிங்கோடு கடகடக்கும் இரண்டு விசிறிகளை மாற்றுவது மிகச் சிறிய செலவு. அதன் பலன் பதிவில் அப்போதே தெரியும்.

மைக்குகள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கையடக்க மைக்கைக் கைமாற்றும் பழக்கத்தை ஒழித்து, ஒவ்வொரு உறுப்பினரின் மேசையிலும் வளையும் கழுத்துள்ள மைக்கை நிலையாக வைப்பதே புதுப்பித்தலின் மையம். கலந்துரையாடல் மைக் அமைப்பு என்று விற்கப்படுபவற்றில், ஒவ்வொரு மேசையிலும் ஒரு பொத்தானும் ஒரு சிவப்பு விளக்கும் உள்ள சிறு பெட்டி இருக்கும். பெட்டிகள் ஒன்றோடொன்று கம்பியால் கோக்கப்பட்டு ஒரு கட்டுப்பாட்டுக் கருவியில் சேரும். உறுப்பினர் பொத்தானை அழுத்தினால் அவர் மைக் மட்டும் திறக்கும். அகுஜா, போஷ், ஷூர் போன்ற பல நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன.

எல்லா மைக்குகளையும் எப்போதும் திறந்தே வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஊளை எழாமல் ஒலியைக் கூட்டக்கூடிய அளவு 3 டெசிபெல் குறைகிறது. 20 மைக்குகள் ஒரே நேரத்தில் திறந்திருந்தால், ஒன்று மட்டும் திறந்திருப்பதைவிட ஏறக்குறைய 13 டெசிபெல் இழக்கிறோம். கூடவே விசிறி இரைச்சலும் காகிதம் புரட்டும் ஓசையும் 20 வழிகளில் உள்ளே வரும். ஆகவே ஒரே நேரத்தில் மூன்று அல்லது நான்கு மைக்குகளுக்கு மேல் திறக்காதபடி கட்டுப்பாட்டுக் கருவியில் வரம்பு வையுங்கள். பொத்தான் இல்லாத சாதாரண மைக்குகளையே தொடர்ந்து பயன்படுத்த வேண்டிய நிலை இருந்தால், பேசுபவரின் மைக்கைத் தானாக உயர்த்தி மற்றவற்றைத் தாழ்த்தும் தானியங்கி மிக்சர் ஒன்றை வாங்குவது அடுத்த சிறந்த வழி.

வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தொலைவு இருமடங்கானால் பேச்சின் அளவு 6 டெசிபெல் குறைகிறது. இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது. எழுந்து நின்று பேசுவது நம் மன்றங்களில் மரபு. மைக் உட்கார்ந்திருப்பவரின் உயரத்துக்கு அமைக்கப்பட்டிருக்கும். உறுப்பினர் எழுந்தவுடன் மைக் அவர் இடுப்பருகே போய்விடும். இதைத் தீர்க்க, கழுத்து நீளம் 50 சென்டிமீட்டருக்குக் குறையாத மைக்கைத் தேர்ந்தெடுத்து மேல்நோக்கித் திருப்பும் பழக்கத்தை ஏற்படுத்தலாம். அமர்ந்தபடி பேசலாம் என்று தலைவர் முறைப்படி அனுமதிப்பது அதைவிட எளிது. இரண்டாவது வழி ஒரு ரூபாய்கூடச் செலவில்லாதது என்பதால் முதலில் அதையே கேட்டுப் பார்ப்பேன்.

அதிகாரிகளை மறந்துவிடாதீர்கள். உறுப்பினர்களின் கேள்வி தெளிவாகப் பதிவாகி, பொறியாளரும் சுகாதார அலுவலரும் கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்று சொல்லும் பதில் பதிவாகாமல் போவதை மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன். மக்களுக்கு வேண்டியது பெரும்பாலும் அந்தப் பதில்தான். ஆணையாளருக்குத் தனி மைக், பதில் சொல்ல வரும் துறை அலுவலர்களுக்காக ஒரு நிலைத் தாங்கி மைக் ஆகிய இரண்டும் கட்டாயம் பட்டியலில் இருக்க வேண்டும்.

தலைவரின் பெட்டியில் மட்டும் ஒரு முன்னுரிமைப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் மற்ற எல்லா மைக்குகளும் அடங்கும். கூச்சல் எழும்போது அவையை நடத்த அது தேவைதான். ஆனால் எதிர்க்கட்சி உறுப்பினரின் மைக்கை வேண்டுமென்றே அணைத்தார்கள் என்ற புகார் இதிலிருந்துதான் பிறக்கிறது. கருவி வந்து இறங்கும் முன்பே, அந்தப் பொத்தானை எப்போது அழுத்தலாம், இயக்குபவர் தாமாக எவருடைய மைக்கையும் மூடலாமா என்பதை மன்றத்திலேயே விவாதித்துத் தீர்மானமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இயக்குபவர் நகராட்சியின் கடைநிலைப் பணியாளராகவோ ஒப்பந்தக்காரரின் ஆளாகவோ இருப்பார். அந்தச் சுமையை அவர் தோளில் வைப்பது நியாயமில்லை.

கம்பி வேலையில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒலியில் 'உம்ம்' என்ற தாழ்ந்த முனகல் கேட்டால், அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் இரண்டு வேறு எர்த் பாதைகளின் வழியே ஒலிக்கம்பிக்குள் நுழைவதால் வருவது. மூன்று முனை பிளக்கின் எர்த் முனையைப் பிடுங்கிவிட்டால் முனகல் நின்றுவிடும் என்று சில மைக்செட்காரர்கள் செய்து காட்டுவார்கள். முனகல் நிற்கும், ஆனால் பழுதான கருவியின் மின்சாரம் மைக்கைத் தொடும் மனிதரின் உடல் வழியே போகும். எல்லா ஒலிக்கருவிகளையும் ஒரே மின்சுற்றிலிருந்து இணைப்பதும், வெளி இரைச்சலைத் தானே நீக்கும் சமநிலைப்படுத்தப்பட்ட எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை இணைப்பான்) கம்பிகளைப் பயன்படுத்துவதும், அப்படியும் நிற்காவிட்டால் ஒலிப் பாதையில் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் செருகுவதுமே சரியான வழி. எர்த் முனை வெட்டப்பட்ட பிளக்கைக் கூடத்தில் எங்கே கண்டாலும் உடனே மாற்றச் சொல்லுங்கள்.

கூடத்துக்குள் கேட்கும் ஒலியும் இணையத்துக்குப் போகும் ஒலியும் தனித்தனியாகப் பிரிந்து போக வேண்டும். ஆம்ப்ளிஃபையரின் ஒலியைக் குறைத்தால் நேரலையிலும் குறைந்துவிடுகிறது என்றால் இணைப்பு தவறு. மிக்சரில் நேரலைக்கென்று தனி வெளியீடு எடுத்து, அதில் பேச்சு, உச்சம் 0 எனக் காட்டும் டிஜிட்டல் அளவுமானியில் சராசரியாக -18 டெசிபெல் அளவிலும், உரத்த குரல்கூட -6-ஐத் தாண்டாமலும் இருக்கும்படி ஒலி வரம்பியை (லிமிட்டர்) அமையுங்கள். கூடத்துக்குள் இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளை முன்னால் நிறுத்தி அலறவிடுவதைவிட, ஆறு அல்லது எட்டுச் சிறிய ஒலிபெருக்கிகளைப் பரவலாக வைத்துத் தாழ்ந்த ஒலியில் இயக்கினால் ஊளையும் குறையும், பார்வையாளர் இருக்கையில் இருப்பவருக்கும் நன்றாகக் கேட்கும்.

கேமராவும் வெளிச்சமும்

30 முதல் 50 உறுப்பினர்கள் வரை உள்ள மன்றத்துக்குத் தொலைவிலிருந்தே திருப்பி, நெருக்கி இயக்கக்கூடிய பிடிஇசட் கேமராக்கள் மூன்று போதும்: ஒன்று தலைவரையும் ஆணையாளரையும் நோக்கி, மற்ற இரண்டும் இரு பக்க உறுப்பினர் வரிசைகளை நோக்கி. 1080 தரம் போதுமானது. 4கே கேமராவுக்குக் கொடுக்கும் கூடுதல் விலையை மைக்குக்குக் கொடுங்கள். நெருக்கம் (ஜூம்) கண்ணாடி வில்லையால் நிகழ வேண்டும். டிஜிட்டல் நெருக்கம் என்று விளம்பரப்படுத்தப்படுவது படத்தை வெறுமனே பெரிதாக்கிச் சிதைப்பதுதான். ஒவ்வொரு இருக்கைக்கும் கேமராவின் நிலையை முன்கூட்டியே நினைவில் பதித்து வைக்கலாம். மைக் பெட்டியின் பொத்தானோடு இதை இணைத்துவிட்டால், உறுப்பினர் மைக்கைத் திறந்தவுடன் கேமரா தானாக அவர் பக்கம் திரும்பும். ஆள் பற்றாக்குறை உள்ள அலுவலகங்களுக்கு இந்த ஒரு வசதி பெரும் துணை.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல் விளக்குகளும் மலிவான எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை மின்னுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த மின்னல் கேமராவுக்குத் தெரியும். படத்தில் கரும்பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்தால், கேமராவின் வேகத்தை நொடிக்கு 25 அல்லது 50 சட்டகமாகவும் (ஃப்ரேம்), ஷட்டரை 1/50 அல்லது 1/100 ஆகவும் மாற்றுங்கள். வாங்கியபடியே 30 அல்லது 60-இல் விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பேசுபவருக்குப் பின்னால் வெயில் அடிக்கும் சன்னல் இருந்தால் முகம் இருண்டுவிடும். அங்கே திரை போட்டுவிட்டு, மேலிருந்து நேர்கீழாக விழும் விளக்குகளுக்குப் பதில் சற்று முன்னாலிருந்து சாய்வாக முகத்தில் விழும் விளக்குகளை அமைக்க வேண்டும்.

கம்பியின் நீளத்தைக் கவனியுங்கள். சாதாரண எச்டிஎம்ஐ கம்பி 10, 15 மீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாது. நல்ல கோஆக்சியல் கம்பியில், தொழில்முறைக் கேமராக்களின் எஸ்டிஐ படச் சமிக்ஞை ஏறத்தாழ 100 மீட்டர் போகும். கேட்-6 வலையமைப்புக் கம்பியும் 100 மீட்டர் வரை போவதோடு, ஒரே கம்பியில் படம், கட்டுப்பாடு, மின்சாரம் ஆகிய மூன்றையும் கொண்டு செல்லும். புதிதாகக் கம்பி இழுப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். அதுவும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்றுக்கு இரண்டாக இழுத்துவிட வேண்டும். எலி கடிக்காத மன்றக் கூடத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

எதைக் காட்டுவது என்பதற்கும் எழுதப்பட்ட விதி வேண்டும். பேசுபவரைக் காட்டுக, வாக்கெடுப்பில் கைகள் உயரும்போது முழு அவையையும் காட்டுக, வெளிநடப்போ கூச்சலோ நிகழ்ந்தால் முழு அவைக் காட்சிக்கு மாறி, அடங்கும்வரை அதிலேயே நிற்க. இந்த மூன்று வரிகள் இருந்தால், யாரைக் காட்டினார், யாரை மறைத்தார் என்ற பழி இயக்குபவர் மேல் விழாது.

கலவைக் கருவி, எழுத்து, இணையம்

மூன்று கேமராக்களின் படத்தையும் மாற்றி மாற்றிக் காட்ட, தனிக் கலவைக் கருவி வாங்கலாம். கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஓபிஎஸ் மென்பொருளையும் பயன்படுத்தலாம். ஓபிஎஸ் நல்ல மென்பொருள். ஆனால் அதே கணினியில் வரிவசூல் வேலையும் நடந்து, கூட்டத்தின் நடுவில் விண்டோஸ் புதுப்பிப்பும் தொடங்கும் அலுவலகங்களில் அது கைகொடுக்காது. அதற்கென்றே ஒதுக்கிய கணினி இல்லையென்றால் தனிக் கருவியே பாதுகாப்பு.

திரையின் கீழே உறுப்பினரின் பெயர், வார்டு எண், விவாதத்தில் இருக்கும் மன்றப் பொருளின் எண் ஆகியவற்றைத் தமிழில் காட்டுங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. சில தலைப்புக் கருவிகள் தமிழை வரிசை மாற்றிக் காட்டும்: 'கோபால்' என்ற பெயரில் ககரத்துக்கு முன்னும் பின்னும் நிற்க வேண்டிய குறிகள் பிரிந்து, எழுத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி வட்டத்தோடு தொங்கும். பழைய வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த பட்டியலை ஒட்டினால் முழுவதும் குழம்பிய எழுத்துகளாக வரும். வாங்கும் முன், ஒருங்குறியில் (யூனிகோடு) தட்டிய 'கொள்ளிடம்', 'சௌந்தர்யா', 'ஸ்ரீதர்', 'வையாபுரி' ஆகிய நான்கு சொற்களையும் அந்தக் கருவியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நான்கும் சரியாக வந்தால் மற்றவையும் பெரும்பாலும் சரியாக வரும்.

1080 தரத்தில் நொடிக்கு 25 சட்டகம் அனுப்ப 4 முதல் 6 மெகாபிட் வேகம் போதும். ஆனால் பதிவேற்ற வேகம் அதைப்போல் இருமடங்கு, அதாவது 8 முதல் 12 மெகாபிட், கூட்ட நேரத்தில் நிலையாகக் கிடைக்க வேண்டும். இணைய நிறுவனங்கள் பெரிய எழுத்தில் சொல்வது பதிவிறக்க வேகம். நமக்கு வேண்டியது பதிவேற்ற வேகம் என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுங்கள். கண்ணாடி இழை இணைப்பு முதன்மையாகவும், வேறொரு நிறுவனத்தின் 4ஜி அல்லது 5ஜி சிம் பொருத்திய ரவுட்டர் மாற்றாகவும் இருக்கட்டும். இணையம் முழுவதும் அறுந்தாலும் கூடத்துக்குள்ளேயே பதிவு தொடரும்படி ஒரு பதிவுக் கருவியையோ நினைவட்டையையோ கட்டாயம் வையுங்கள். நேரலை போனால் மறுநாள் பதிவையாவது ஏற்றலாம்.

யூடியூப் சேனல் யாருடைய பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். ஒப்பந்தக்காரரின் அல்லது மாற்றலாகிப் போன கணினி இயக்குநரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்கப்பட்ட சேனல்கள் ஏராளம். அவர் போனால் பல ஆண்டுப் பதிவும் போய்விடும். அலுவலக மின்னஞ்சலில் சேனல் தொடங்கி, கடவுச்சொல்லை ஆணையாளரின் பொறுப்பில் முத்திரையிட்ட உறையில் வைக்க வேண்டும். புதிய சேனலில் நேரலை வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால் முதல் கூட்டத்தன்று காலையில் அந்த வேலையைத் தொடங்க வேண்டாம். 12 மணி நேரத்துக்குக் குறைந்த நேரலையே தானாகச் சேமிக்கப்படும். நம் கூட்டங்களுக்கு அது போதும்.

மின்சாரத்துக்கு, மூன்று கேமரா, கலவைக் கருவி, மைக் அமைப்பு, வலையமைப்புக் கருவிகள், ஒரு மடிக்கணினி ஆகிய அனைத்தும் சேர்ந்து ஏறக்குறைய 400 வாட் வரும். 1 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ், ஒரு மணி நேரம் தாங்கும் பேட்டரியோடு இருந்தால், ஜெனரேட்டர் மாறும் சில நொடிகளில் எதுவும் அணைந்து எழாது. கூடத்து ஆம்ப்ளிஃபையரின் சுமையைத் தனியாகக் கணக்கிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தப்புள்ளி

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998-இன் கீழ் கொள்முதல் நடக்கும்போது, குறைந்த விலை கொடுத்தவருக்கே பணி போகும். ஆகவே உங்கள் தேவை முழுவதும் தொழில்நுட்ப விவரக்குறிப்பிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்; விலை உறை திறந்தபின் எதையும் சேர்க்க முடியாது. நிறுவனப் பெயரைக் குறிப்பிடாமல், அளவையும் பயனையும் எழுதுங்கள். 'நல்ல தரமான மைக் 40' என்று எழுதினால் எது வேண்டுமானாலும் வரும். 'பேசுபவரின் வாயிலிருந்து 40 சென்டிமீட்டர் தொலைவில், எல்லா விசிறிகளும் ஓடும் நிலையில், நேரலைப் பதிவில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்க வேண்டும். இதைக் கூடத்திலேயே செய்து காட்டிய பிறகே ஏற்பு' என்று எழுதினால் பொறுப்பு ஒப்பந்தக்காரருடையது. உறுப்பினர் மைக் பெட்டிகள் இரண்டு, வளையும் கழுத்துகள் நான்கு, கம்பிகளில் பத்து விழுக்காடு ஆகியவற்றை உதிரியாக வழங்க வேண்டும் என்பதையும், மூன்றாண்டுப் பராமரிப்பையும், இரண்டு பணியாளர்களுக்கான பயிற்சியையும், எல்லாக் கருவிகளின் கடவுச்சொற்களையும் கம்பி வரைபடத்தையும் ஒப்படைப்பதையும் அதே ஒப்பந்தத்தில் சேருங்கள். பயிற்சி ஒருவருக்கு மட்டும் என்றால், அவர் விடுப்பு எடுக்கும் மாதத்தில் நேரலை இருக்காது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 42-ஆம் பிரிவு, மின்னணு ஊடகங்களை அவர்களும் அணுகும்படி சைகை மொழிபெயர்ப்பு, எழுத்து வடிவம் போன்றவற்றை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் படத்தைத் திரையின் மூலையில் காட்டக் கலவைக் கருவியில் ஒரு கூடுதல் உள்ளீடு வேண்டும். வரவுசெலவுத் திட்டக் கூட்டத்துக்காவது அவரை அழைக்கும் எண்ணம் இருந்தால், கருவி வாங்கும்போதே அந்த உள்ளீட்டைச் சேர்த்து வாங்குங்கள்.

கிராம ஊராட்சிகளுக்கு

சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. அது பெரும்பாலும் பள்ளி வளாகத்திலோ மரத்தடியிலோ நடப்பதால் நிலையான அமைப்பு பயன்படாது. ஒரே பெட்டியில் அடங்கும் கையடக்கத் தொகுப்பே போதும்: தாங்கியோடு இரண்டு கம்பி மைக், காற்றொலியைத் தடுக்கும் பஞ்சு உறை, சிறிய மிக்சர், பேட்டரியில் ஓடும் ஒலிபெருக்கி, முக்காலி, நல்ல கைபேசி, மிக்சரிலிருந்து கைபேசிக்கு ஒலியை நேரடியாகக் கொண்டு செல்லும் இணைப்பான். கைபேசியின் சொந்த மைக்கை நம்பினால் காற்றும் காகமுமே பதிவாகும். இந்த இணைப்பான்தான் தொகுப்பிலேயே மலிவான பொருள்; எல்லோரும் வாங்க மறப்பதும் இதைத்தான். 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் நோக்கத்தோடு தமிழ்நாட்டில் ஒன்றிய அரசின் ஊரக இணையத் திட்டமான பாரத்நெட் பணி தொடங்கப்பட்டது. உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் அந்த இணைப்பு வேலை செய்கிறது என்றால், அன்று மாலையே அங்கிருந்து பதிவை ஏற்றிவிடலாம்.

முதல் கூட்டத்துக்கு முன்னும் பின்னும்

கருவிகள் பொருத்தப்பட்ட பின், உண்மையான கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாக ஒத்திகை வையுங்கள். ஒவ்வொரு இருக்கையிலும் ஒருவரை உட்காரவைத்து, வார்டு எண்ணையும் பெயரையும் சொல்லச் செய்து பதிவு செய்யுங்கள். பிறகு ஒருவர் கேமரா முன் நின்று கைதட்ட, பதிவில் கைகள் சேரும் கணமும் ஓசையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். படம் பல கருவிகளைக் கடந்து வருவதால் ஒலி முந்திக்கொள்ளும். நொடிக்கு 25 சட்டகத்தில் ஒரு சட்டகம் 40 மில்லிநொடி. இரண்டு சட்டகம் முந்தினாலே உதடும் சொல்லும் ஒட்டாமல் பார்ப்பவருக்கு உறுத்தும். எத்தனை சட்டக வேறுபாடு இருக்கிறதோ அதை 40-ஆல் பெருக்கி, அந்த அளவுக்கு மிக்சரில் ஒலியைத் தாமதப்படுத்தினால் சரியாகிவிடும்.

கூட்டத்தன்று கூடத்துக்கு வெளியே, முடிந்தால் வீட்டில், ஒருவர் சாதாரணக் கைபேசியில் நேரலையைத் தொடக்கம் முதல் இறுதி வரை கேட்க வேண்டும். கூடத்துக்குள் இருப்பவருக்குப் பேச்சு நேரடியாகவே காதில் விழுவதால் நேரலையில் ஒலி போய்விட்டது அவருக்குத் தெரியவே தெரியாது. வீட்டிலிருப்பவர் இயக்குபவரை உடனே அழைக்கக்கூடிய எண் அவரிடம் இருக்கட்டும்.

மூன்று மணி நேரக் கூட்டம் 5 மெகாபிட் வேகத்தில் ஏறக்குறைய 6.75 ஜிகாபைட் இடம் பிடிக்கும். மாதம் ஒரு கூட்டம் என்றால் ஆண்டுக்கு 81 ஜிகாபைட். யூடியூபை மட்டும் நம்பாமல் இரண்டு நினைவட்டுகளில் படியெடுத்து, ஒன்றை அலுவலகத்திலும் மற்றொன்றை வேறொரு கட்டடத்திலும் வைப்பதற்கு இது பெரிய செலவே இல்லை. எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்பதை மன்றத் தீர்மானமாகவே எழுதிவிடுங்கள்.

பதிவை ஏற்றியபின் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. காணொளியின் விவரப் பகுதியில், 00:00 என்று தொடங்கி, ஒவ்வொரு மன்றப் பொருளும் எத்தனையாவது நிமிடத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதைப் பொருள் எண்ணோடும் வார்டு எண்ணோடும் வரி வரியாகத் தட்டச்சு செய்யுங்கள். குறைந்தது மூன்று குறிப்புகள் இருந்தால் யூடியூப் அவற்றைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டும். நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டம் நடக்கும்போதே எழுத்தர் ஒருவர் ஓரத்தில் நேரத்தைக் குறித்து வந்தால், மறுநாள் காலையில் அரை மணி நேரத்தில் இது முடிந்துவிடும். குடிநீர்க் குழாய் பற்றிய பதிலைத் தேடி வருபவர் மூன்று மணி நேரப் பதிவையும் ஓட்டிப் பார்க்காமல் நேராகத் தம் வார்டின் நிமிடத்தைத் தொட்டுக் கேட்கலாம்.